ஆம்லெட்டுக்கு அடியில் இருந்த பொட்டலம்

போன வருஷம் மகளைப் பார்க்கப் பெங்களூருக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் மருமகன் என்னை மட்டும் தனியாகக் கூட்டிக்கொண்டு ஒரு கடைக்குப் போனார். அங்கேயே பீர் காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கிற கடை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு ஆள் உயரத்துக்கு எவர்சில்வர் தொட்டிகள் வரிசையாக நின்றன. நான் வெல்டிங் வேலைக்காரன். பீரைப் பார்ப்பதற்கு முன்னால் தொட்டியில் பற்றவைத்த இடத்தைத்தான் பார்த்தேன். சுத்தமான வேலை. எவனோ கை நடுங்காதவன் செய்திருக்கிறான்.

ஒரு மரப்பலகையில் ஆறு சின்ன கிளாஸ் வைத்துக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நிறம். ருசி பார்த்துப் பிடித்ததைப் பெரிய கிளாஸில் வாங்கிக்கொள்ள வேண்டுமாம். ஒன்று கலங்கலாக, பழைய சோற்றின் நீத்தண்ணி மாதிரி இருந்தது. வாயில் வைத்தால் வாழைப்பழ வாசனை. நன்றாக இருந்தது. இதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது? சில்லென்று இருந்தது, கிளாஸ் நாறவில்லை, கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. ஆனால் வேர்க்கடலையில் வெங்காயமும் தக்காளியும் நறுக்கிப் போட்டு ஒரு தட்டு கொண்டுவந்தார்கள். அதன் விலையைக் கேட்டதும் எனக்கு ஏறிய போதை இறங்கிவிட்டது. கோவில்பட்டிக்காரனிடம் கடலைக்கு அந்த விலை சொல்லக் கூடாது.

பணம் கொடுத்ததும் மருமகன் போனை நீட்டினார். சாப்பாடு எப்படி, பீர் எப்படி, கொடுத்த காசுக்குத் தகுமா என்று மூன்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஐந்து நட்சத்திரம்.

"மாமா, நீங்க சொல்லுங்க. நான் போடுதேன்."

"வேண்டாம் மாப்பிள்ளை."

"நீங்களா வேண்டாங்குதீங்க? கல்யாணப் பந்தியில சமையக்காரரக் கூப்பிட்டு சாம்பார் வெளங்கலன்னு சொன்ன ஆளுல்லா நீங்க?"

உண்மைதான், சொன்னேன். அது அவருடைய கல்யாணம்தான். இருந்தாலும் அன்றைக்கு நான் ஒரு நட்சத்திரமும் போடவில்லை. ஏன் என்று அவரிடம் சொல்லவும் இல்லை. இப்போது எழுதுகிறேன். இது பெங்களூருக்குப் போவதற்கு முந்தி நடந்தது.

எங்கள் ஊருக்கு வெளியே, கரிசல் காட்டை ஒட்டி ஒரு பிராந்திக் கடை இருக்கிறது. அதை ஒட்டித் தகரக் கொட்டகை போட்ட பார். என் பட்டறையில் சனிக்கிழமை மதியத்தோடு வேலையை நிறுத்திவிடுவேன். கடை திறக்கிற பன்னிரண்டு மணிக்கு அங்கே இருப்பேன். வாரத்துக்கு ஒரு நாள். இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, வெட்கப்பட்டும் சொல்லவில்லை.

எனக்கு ஒரு குவார்ட்டர் அதிகம். பாதி போதும். பாதியாக விற்க மாட்டார்கள். அதனால் என்னைப் போலப் பாதி தேவைப்படுகிற இன்னொருவன் வேண்டும். கவுண்டர் பக்கத்தில் நின்றால் யாராவது வந்து "கட்டிங் போடுவமா" என்று கேட்பான். ஆளுக்குப் பாதி. பேர் கேட்க மாட்டோம், சாதி கேட்க மாட்டோம். ஒருவன் இரண்டு தம்ளரிலும் ஊற்றுவான், மற்றவன் முதலில் எடுப்பான். ஊற்றுகிறவனுக்குக் கடைசியில் மிஞ்சுவதுதான் கிடைக்கும் என்பதால் கை தன்னால் அளவாக ஊற்றும். இதைவிட நியாயமான ஏற்பாட்டை நான் எந்த ஆபீஸிலும் பார்த்ததில்லை.

ஒரு கட்டத்தில் எனக்கு நிரந்தரக் கூட்டாளி ஒருவன் அமைந்தான். கழுகுமலையிலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு வருகிற மினி லாரிக்குச் சுமை இறக்குகிறவன். என்னைவிடப் பத்து வயது சின்னவன், வாயாடி. மூன்று வருஷம் சனிக்கிழமைதோறும் சேர்ந்து குடித்தோம். இன்றைக்கு வரை அவன் பேர் எனக்குத் தெரியாது.

அந்தப் பாரின் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுண்டல் என்று ஒன்று வரும். பல்லில் வைத்தால் கல். சில்லி சிக்கன் என்று ஒன்று. சிவப்புப் பொடியைத் தட்டிவிட்டுப் பார்த்தால் உள்ளே எலும்பும் மாவும். எண்ணெய் எத்தனை நாள் எண்ணெய் என்பது அந்த எண்ணெய்க்கே மறந்திருக்கும். ஆம்லெட் மட்டும் தப்பிக்கும். முட்டைக்குள் எதையும் கலக்க முடியாதே. பீரைக் கேட்டால் வெதுவெதுப்பாக வரும். சித்திரை மாசத்து வெயிலில் தகரக் கொட்டகைக்குக் கீழே உட்கார்ந்து வெந்நீர் மாதிரி பீர் குடித்தவனுக்குத்தான் அந்த அருமை தெரியும். பில்லும் சூடு ஆறாமல் வரும்.

ஆனால் வெளியே உடைமரத்தடியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து ஊர் பசுவந்தனைக்காரி. நாற்பது வயது இருக்கும். மூன்று கல் கூட்டிய அடுப்பு, ஒரு இரும்புச் சட்டி, ஒரு அலுமினியச் சட்டி. இரும்புச் சட்டியில் ஆட்டு ரத்தப் பொரியல். அலுமினியச் சட்டியில் தட்டாம்பயறு. காலையில் கறிக்கடையில் ரத்தம் வாங்கி, சின்ன வெங்காயமும் வற்றலும் தேங்காய்ப் பூவும் போட்டு, கடலை எண்ணெயில் கொஞ்சம் கொஞ்சமாகப் புரட்டுவாள். மொத்தமாகச் செய்து வைக்க மாட்டாள். வருகிற ஆளைப் பார்த்துத்தான் சட்டியில் போடுவாள். வாழையிலைத் துண்டில் வைத்து, பேப்பரில் சுற்றித் தருவாள். பார்க்காரன் சுண்டலுக்கு வாங்குவதில் பாதிதான் விலை. தின்றால் கை மணக்கும்.

பாருக்குள் வெளிச் சாப்பாடு கொண்டு போகக் கூடாது. அப்படி ஒரு போர்டு இருந்தது. அதனால் குடிக்கிற எங்களுக்குள் ஒரு வழக்கம். உள்ளே போனதும் ஆளுக்கு ஒரு ஆம்லெட் வாங்கிவிட வேண்டும். பொட்டலத்தை மடியிலிருந்து எடுத்து, ஆம்லெட்டைத் தூக்கி, அடியில் தள்ளிவிட வேண்டும். ஆம்லெட்டைப் பிய்த்துத் தின்பது போல அடியிலிருந்து எடுத்துத் தின்ன வேண்டும். பரிமாறுகிறவர்களுக்கும் தெரியும். ஆம்லெட் விற்றதா, சரி என்று போய்விடுவார்கள். பார்க்காரருக்கும் அரைகுறையாகத் தெரிந்திருக்கும். ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம். அவளைப் பற்றி உள்ளே யாரும் வாயைத் திறக்கக் கூடாது. நன்றாக இருக்கிறது என்று கூடச் சொல்லக் கூடாது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. முப்பது நாற்பது குடிகாரர்கள் மூன்று வருஷம் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றினார்கள். நான் ஒருத்தன்தான் கெடுத்தேன்.

ஐப்பசி மழை பெய்து விட்டிருந்த ஒரு சனிக்கிழமை. கரிசல் மண் செருப்பில் ஒட்டி ஆளுக்கு இரண்டு கிலோ எடை கூடியிருந்தது. வாசலில் குச்சியால் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போதே எனக்கு எரிச்சல். அன்று முட்டை வரவில்லையாம். ஆம்லெட் கிடையாது, சில்லி சிக்கன்தான் என்றார்கள். பொட்டலத்தை மறைக்க ஏதாவது வேண்டுமே, வாங்கினேன். தட்டு வந்தது. கெட்ட வாடை. ஒரு துண்டை எடுத்துப் பிய்த்தேன். நூல் விட்டது.

பார்க்காரர் அன்று கல்லாவில் இருந்தார். என் வயதுதான். முன்னால் சைக்கிள் ஸ்டாண்டு ஏலம் எடுத்து நடத்தியவர், பிறகு பார் எடுத்தார். தட்டைத் தூக்கிக்கொண்டு நேராக அவர் முன்னால் போய் வைத்தேன்.

"இத நீரு திம்பீரா?"

"என்னவே வெல்டரு, என்ன பிரச்சின?"

"பிரச்சினையா? மோந்து பாரும். செத்த எலி வாட அடிக்கி. மனுசன் திங்கிறதுக்குத்தான் விக்கீரா?"

"குடிக்கதுக்கு வந்தா குடிச்சிட்டுப் போகணும். மாமியார் வீட்டு விருந்தா இது?"

பின்னால் நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. கழுகுமலைக்காரன் எழுந்து வந்து என் கையைப் பிடித்தான்.

"அண்ணாச்சி, வாங்க. ஊத்தி வச்சிருக்கேன். ஆறிரும்."

"பிராந்தி எங்கடா ஆறும்? விடு கைய."

மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்தேன். கல்லா மேஜையில் வைத்துப் பிரித்தேன். கழுகுமலைக்காரன் என் காலை மிதித்தான். அவன் செருப்பில் இருந்த மண் என் பாதத்தில் அப்பியது. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

"இது சாப்பாடு. தின்னு பாரும். ஒம்ம வெலையில பாதி. ஒரு பொம்பள வெயில்ல உக்காந்து மூணு கல்லு அடுப்புல செய்யுதா. ஃபேனு, கேஸு, ஆளு அம்பு எல்லாம் வச்சிக்கிட்டு ஒமக்கு முடியலியா?"

பார்க்காரர் ஒரு வாய் எடுத்துப் போட்டார். மென்றார். அவசரப்படவே இல்லை. இன்னொரு வாய் எடுத்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "யாரு? அந்த மரத்தடியில இருக்காளே, அவளா?"

நான் ஆமாம் என்றேன். பெருமையாகச் சொன்னேன். அவள் சமையலுக்கு நான்தான் வக்கீல் என்பது போல. நியாயத்தைப் பேசி ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து என் தம்ளருக்குத் திரும்பினேன். கழுகுமலைக்காரன் தன் பங்கைக் குடித்து முடித்திருந்தான். போகும்போது சொன்னான்: "ஒங்களுக்கு வாயில தாப்பாளே கெடையாது அண்ணாச்சி."

அடுத்த சனிக்கிழமை மரத்தடி காலியாக இருந்தது. மூன்று கல்லும் கரி பிடித்தபடி அங்கேயே கிடந்தன. உள்ளே போனேன். சுவரில் புதிதாக ஒரு அட்டை. ரத்தப் பொரியல் என்று எழுதி, அவள் வாங்கியதைப் போல மூன்று மடங்கு விலை போட்டிருந்தது. வாங்கினேன். எண்ணெய் வாடை. காலையிலேயே மொத்தமாக வதக்கி வைத்துவிட்டு, கேட்கும்போது சூடு காட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ரப்பர் மாதிரி இழுத்தது. தேங்காய்ப் பூ போட்டிருந்த விதம் அவள் கைதான், ஆனால் அவள் பொரியல் இல்லை.

கொட்டகைக்குப் பின்னால் போனேன். கேஸ் அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வாங்க அண்ணாச்சி. நீங்க நல்லா இருக்கணும்."

"என்னம்மா ஆச்சி?"

"என்ன ஆச்சா? மறுநா காலையில வந்தாரு. உள்ள வந்து சம்பளத்துக்குச் செய்யி, இல்லன்னா இங்கன உக்காரப்படாதுன்னாரு. எடம் அவரு குத்தகையில வருதாம்லா. யாரு சொன்னா என்னயப் பத்தின்னு கேட்டேன். வெல்டர்தான் ஆகா ஓகோன்னு சொன்னாருன்னாரு."

"நல்லா இருக்குன்னுதாம்மா சொன்னேன்."

"அதத்தான் சொல்லுதேன். நல்லா இல்லன்னு சொல்லிருக்கலாம்லா? நான் பாட்டுக்கு இருந்திருப்பேன்."

கரண்டியை மறுபடி எடுத்துக் கிண்டினாள். அவளே பேசினாள். பன்னிரண்டு வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவளாம். தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். எப்போது உட்காரணும், எப்போது எழுந்திருக்கணும், எத்தனை தடவை வெளியே போகலாம் என்பது வரைக்கும் ஒருத்தன் சொல்லிச் சொல்லிக் கேட்டு அலுத்துப் போய், இனிமேல் எவன் சொல்லுக்கும் நிற்கக் கூடாது என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு வந்தவள்.

"இப்ப மறுபடியும் ஒருத்தன் சொல்லுதான். இவ்வளவு எண்ண ஊத்து. நேத்து மிஞ்சினதக் கலக்கு. வெங்காயத்தக் கொறை. ஃபேன் இருக்கு, நெழலு இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா இது என் சட்டி இல்ல அண்ணாச்சி."

அன்றைக்கு நான் குடிக்கவில்லை. குடிக்கலாம் என்றாலும் ஆள் இல்லை. கவுண்டர் முன்னால் நின்றேன். கழுகுமலைக்காரன் இன்னொருத்தனோடு சேர்ந்துவிட்டான். மற்றவர்கள் என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பினார்கள். ஒருத்தன் மட்டும் சத்தமாகச் சொன்னான்: "அவரோட கட்டிங் போட்டா அளவு சரியா இல்லன்னு கலெக்டருக்கு மனு எழுதிருவாரு." எல்லோரும் சிரித்தார்கள். நியாயமான சிரிப்புதான்.

அந்த வாரம் முழுக்க யோசித்தேன். பட்டறையில் கிரில் கேட்டுக்குப் பட்டை வளைத்துக்கொண்டே யோசித்தேன். நான் சொன்னதில் எது பொய்? எதுவும் இல்லை. சிக்கன் கெட்டுப் போனதுதான். பொரியல் நன்றாக இருந்ததுதான். விலை நியாயம்தான். எல்லாம் உண்மை. அந்த உண்மையை நான் யாருக்காகச் சொன்னேன் என்பதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. அவளுக்காகச் சொல்லவில்லை. பின்னால் நாலு பேர் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பை அடக்கக் கையில் ஒரு கல் வேண்டியிருந்தது, மடியில் இருந்ததை எடுத்து எறிந்தேன். அது அவளுடைய பிழைப்பு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. உள்ளதை உள்ளபடி பேசுகிறவன் என்று ஐம்பது வருஷம் எனக்கு நானே பேர் வைத்துக்கொண்டு திரிந்தேன். உள்ளதைப் பேசினால் அடி யார் மேல் விழும் என்று ஒரு தடவையும் பார்த்ததில்லை. என் மேல் விழுந்ததில்லை. அதனால் தெரியவில்லை.

கார்த்திகை பிறந்து ஒரு செவ்வாய்க்கிழமை. அவளே என் பட்டறைக்கு வந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே அவளுடைய இரும்புச் சட்டி.

"அங்கன இருந்து வந்துட்டேன். முந்தாநா மிஞ்சினத இன்னைக்குள்ளதோட கலக்கச் சொன்னாரு. சட்டியத் தூக்கிட்டு வந்துட்டேன்."

நான் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றினேன். ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"வாய வச்சிக் கெடுத்தீங்கள்லா, இப்ப கைய வச்சிச் செய்யுங்க. எனக்கு ஒரு தள்ளுவண்டி வேணும். அடுப்பு வைக்க ஒரு தட்டு, கீழ வெறகு வைக்க ஒரு தட்டு. நாலு சக்கரம். இனிமே எவனும் எந்திரின்னு சொன்னா, தள்ளிக்கிட்டுப் போயிருவேன்."

"செஞ்சிருவோம்மா."

"சும்மா வேண்டாம். இரும்பு என்ன வெலையோ அதச் சொல்லுங்க. கூலி மட்டும் தர மாட்டேன். அது ஒங்க வாய்க்கு."

ஐந்து நாளில் முடித்தேன். நல்ல இரும்பு ஆங்கிள், நல்ல சக்கரம், அடுப்புக்கு மூன்று பக்கமும் காற்று மறைக்கத் தகரம். மூலைகளை அரம் போட்டுத் தேய்த்து மழுக்கினேன். பச்சைப் பெயின்ட் அடித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக எதையும் பற்றவைத்ததில்லை. அவள் வந்து பார்த்தாள். சுற்றி வந்தாள். சட்டியை எடுத்து மேல் தட்டில் வைத்து, கரண்டியைப் பிடித்துக் கிண்டிப் பார்த்தாள். முழங்கை தோள் மட்டத்துக்கு உயர்ந்தது.

"அண்ணாச்சி, யாரு நின்னு சமைக்கதுக்கு இந்த வண்டி? நீங்களா?"

வண்டியை என் இடுப்புக்கு அளந்து செய்திருந்தேன். அவள் என் தோள் உயரம்கூட இல்லை. அவளை ஒரு தடவை நிற்க வைத்து அளக்கணும் என்று தோன்றவில்லை. பக்கத்துப் பட்டறைக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். "இவரு அளக்க மாட்டாரு தாயி, வெட்டத்தான் செய்வாரு" என்றான். அவளும் சிரித்தாள். நான் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, "எவ்வளவு உயரம் வேணும்மா, காட்டு" என்று கேட்டேன். யாரிடமும் அப்படிக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. அவள் கையைத் தொப்புளுக்கு நேரே வைத்துக் காட்டினாள். நாலு காலிலும் ஐந்து அங்குலம் வெட்டினேன்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது திரும்பி நின்று இரண்டு விஷயம் சொன்னாள்.

"பசுவந்தனை ரோட்டுல தீப்பெட்டி ஆபீஸ் வாசல்ல நிப்பேன். மத்தியானச் சோத்துக்கு வாரவளுகளுக்குத் தொட்டுக்கிட. குடிச்சிட்டு யாரும் அங்கன வரப்படாது. நீங்களும்தான்."

"சரிம்மா."

"பாருல யாருகிட்டயும் சொல்லப்படாது. நல்லா இருக்குன்னும் சொல்லப்படாது, நல்லா இல்லன்னும் சொல்லப்படாது. நான் எங்கன இருக்கேன்னே ஒங்களுக்குத் தெரியாது."

அதற்கும் சரி என்றேன்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை பாருக்குப் போனேன். போகாமல் இருந்துவிட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் போனேன். கழுகுமலைக்காரனுடைய புதுக் கூட்டாளி அன்றைக்கு வரவில்லை. கழுகுமலைக்காரன் கவுண்டர் பக்கத்தில் தனியாக நின்றான். பிறகு "போடுவமா அண்ணாச்சி" என்றான். நான் ஊற்றினேன். அவன் எடுத்தான்.

பாரில் அவளுக்குப் பதிலாக எவனையோ வைத்து அதே அட்டையை மாட்டியிருந்தார்கள். கழுகுமலைக்காரன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளினான்.

"அந்த அக்கா எங்கன போனாவளோ. ஊருக்கே போய்ட்டாவளாம்லா. ஒங்களுக்கு ஏதும் தெரியுமா?"

பக்கத்து மேஜையில் இரண்டு பேர் பேச்சை நிறுத்திக் காது கொடுத்தார்கள். பரிமாறுகிறவனும் துடைக்கிற துணியோடு நின்றான். எனக்கு வாய் ஊறியது. தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியும் என்று சொல்ல அவ்வளவு ஆசையாக இருந்தது.

"தெரியாது" என்றேன்.

"ஒங்களுக்குத் தெரியாதா? ஒலகத்துல ஒரு விஷயம் ஒங்களுக்குத் தெரியாமயா?"

"தெரியாதுன்னா தெரியாதுதான். குடி."

அவன் கீழே குனிந்து மீதியைக் குடித்தான். வேறு எதுவும் கேட்கவில்லை. அவனுக்குப் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்த புதன்கிழமை மதியம், சைக்கிளை எடுத்துக்கொண்டு பசுவந்தனை ரோட்டுக்குப் போனேன். குடிக்கவில்லை. ஆபீஸில் சாப்பாட்டுச் சங்கு ஊதி ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. இருபது முப்பது பெண்கள் தூக்குச்சட்டியோடு வண்டியைச் சுற்றி நின்றார்கள். விரல் நுனியில் தீக்குச்சி மருந்துக் கறை. ஒருத்தி, "ஏட்டி, எனக்கு முன்னால நிக்காதடி, நான் வந்து எவ்வளவு நேரம் ஆச்சி" என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். வண்டிக்காரி யாரையும் அவசரப்படுத்தாமல் ஒவ்வொருத்தியின் சோற்று மேலேயும் ஒரு கரண்டி வைத்தாள். வைத்து முடிகிற வரைக்கும் நான் ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றேன். இடுப்பு உயரத்தில் வண்டி சரியாக இருந்தது. கை நோகாமல் கிண்டினாள்.

கூட்டம் குறைந்ததும் கூப்பிட்டாள். வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தாள். மறைக்க ஒன்றும் இல்லாததால் எப்படித் தின்பது என்று முதலில் எனக்குத் தெரியவில்லை. பழக்கம் அப்படி. பட்டப்பகலில், ரோட்டோரத்தில், பொரியலை நேராகப் பார்த்துக்கொண்டே தின்றேன்.

"எப்பிடி இருக்கு?" என்று அவளே கேட்டாள்.

இப்போது சொல்லலாம். கேட்டது அவள்.

"உப்பு ஒரு கல்லு கூட."

"கூடத்தான் இருக்கும்." கரண்டியால் சட்டி ஓரத்தை வழித்தாள். "ஒங்க நாக்குக்குப் போட்டது இல்ல அண்ணாச்சி. காலையில இருந்து வேர்த்து ஊத்தி, வெறும் சோத்தக் கொண்டாந்து திங்கிறவளுகளுக்குப் போட்டது. கொறைச்சா சோறு எறங்காது."

மரத்தடியில் இருந்தபோது அவள் சமையல் எங்களுக்காகவே இருந்தது என்று நினைத்திருந்தேன். பிராந்திக்குத் தோதாக, என் நாக்குக்குத் தோதாக. அதன் விலையையும் ருசியையும் நான்தான் சரியாக எடை போட்டேன் என்ற நினைப்பில்தான் அன்றைக்குக் கல்லா மேஜையில் பிரித்துக் காட்டினேன். இலையில் மிச்சமிருந்ததையும் தின்று முடித்தேன். உப்பு கூடத்தான். அவள் குடத்திலிருந்து இரண்டு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வண்டியின் முன்சக்கரத்தில் கொஞ்சம் கிரீஸ் போட வேண்டும், நாளைக்குக் கொண்டு வரட்டுமா என்று கேட்டேன்.

"சங்கு ஊதுறதுக்கு முன்னாடி வாங்க" என்றாள். "அப்பறம் கூட்டம் வந்துரும்."